தப்பா எடுத்துக்காதீங்க, வெளிப்படையாச் சொல்றேன்

‘நான் கொஞ்சம் வெளிப்படையாப் பேசுற ஆள், தப்பா எடுத்துக்காதீங்க’ என்று ஒருவர் ஆரம்பித்து, அதற்கப்புறம் ஒரு நல்ல வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. ‘வெளிப்படையாச் சொல்றேன், உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு’ என்று யாரும் சொல்வதில்லை. பாராட்டுக்கு இந்த முன்னுரை தேவைப்படுவதில்லை. உடம்பு பெருத்துவிட்டது, பையன் உருப்பட மாட்டான், எழுதியிருப்பது சரியில்லை என்று சொல்லும்போதுதான் தேவைப்படுகிறது. சொல்லப்போவது காயப்படுத்தும் என்பது சொல்பவருக்கே நன்றாகத் தெரியும். அதனால்தான் முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு வருகிறார். கேட்டவர் முகம் சுருங்கிவிட்டால், தப்பு கேட்டவர் தலையில் விழுந்துவிடும். ‘உண்மையைச் சொன்னா உனக்கு ஏன் கோபம் வருது?’

இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில வாக்கியங்களும் உண்டு. ‘மனசுல பட்டதைச் சொல்லிடுவேன்.’ ‘எனக்கு உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு வெச்சுப் பேசத் தெரியாது.’ ‘எதுவா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன், முதுகுக்குப் பின்னாடி பேசுற பழக்கம் கிடையாது.’ கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், எல்லாமே ‘நான்’, ‘எனக்கு’ என்றுதான் போகின்றன. பேச்சு எதிரில் இருப்பவரின் குறையைப் பற்றியது. முன்னுரையோ பேசுபவரின் பெருமையைப் பற்றியது. அதிலும் அந்த ‘பேசத் தெரியாது’ எனக்குப் பிடித்தமானது. இனிமையாகப் பேசத் தெரியாததை ஒரு பட்டம்போல நெஞ்சில் குத்திக்கொள்ள நம்மால் மட்டும்தான் முடியும்.

வெளிப்படை என்ற இந்தச் சொல் எனக்குள் ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. வெளிப்படையாக இருப்பது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒளிவு மறைவு இல்லாத மனிதர்களோடு பழகும்போது கிடைக்கும் நிம்மதியே தனி. (தமிழில் ‘ஒளி’ என்றால் வெளிச்சமும் உண்டு, மறைத்துக்கொள் என்பதும் உண்டு. ‘ஒழிவு மறைவு’ என்று எழுதுபவர்கள் இந்த வேடிக்கையைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.) ஆனால் தன்னை வெளிப்படையானவர் என்று அறிவித்துக்கொள்பவர்களிடம் அந்த நிம்மதி ஏன் வருவதில்லை? இவ்வளவுக்கும் இரண்டு பேருக்கும் நாம் வைத்திருக்கும் சொல் ஒன்றுதான்.

வெளிப்படுவது யார்?

தடு - தடை, விடு - விடை என்பதுபோல, வெளிப்படு என்ற வினையிலிருந்து வந்தது வெளிப்படை. வெளிப்படு என்பது தன்வினை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததுதான்: திருந்தினான் தன்வினை, திருத்தினான் பிறவினை. அந்தக் கணக்கில் வெளிப்படு தன்வினை, வெளிப்படுத்து பிறவினை. ஒருவர் தானே வெளியில் தெரியும்படி நிற்பது முதலாவது. இன்னொன்றை இழுத்து வெளியில் போடுவது இரண்டாவது. வெளிப்படை என்ற பெயர்ச்சொல் தன்வினையிலிருந்துதான் பிறந்திருக்கிறது. அப்படியானால் வெளிப்படையான மனிதர் என்றால், தன்னுடைய எண்ணம், தன்னுடைய நிலை, தன்னுடைய பயம் எல்லாம் மற்றவர் கண்ணுக்குத் தெரியும்படி இருப்பவர் என்றுதானே பொருள் வர வேண்டும்? நாம் தினமும் கேட்பது பெரும்பாலும் பிறவினை. மற்றவரின் குறையை வெளிப்படுத்திவிட்டு, அதற்கு வெளிப்படை என்று பெயர் சூட்டிக்கொள்கிறோம்.

இலக்கணக்காரர்கள் இந்தச் சொல்லைக் கையாண்ட விதத்தில் எந்த வீரமும் கிடையாது. தொல்காப்பியத்தின் உரியியலில் ‘வெளிப்படு சொல்லே கிளத்தல் வேண்டா’ என்று வருகிறது. பொருள் எல்லோருக்கும் தெரிந்த சொல்லை விளக்க வேண்டியதில்லை, தெரியாத சொல்லை மட்டும் விளக்கினால் போதும் என்பது சேதி. நன்னூலும் சொற்களைக் குறிப்பு, வெளிப்படை என்று பிரிக்கிறது. நேரடியாகப் பொருள் தருவது வெளிப்படை, அவ்வளவுதான். அதே நன்னூல் தகுதி வழக்கு என்று ஒன்றைச் சொல்லி, இடக்கரடக்கலையும் (நாலு பேர் முன்னால் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது) மங்கலத்தையும் அதில் சேர்த்திருக்கிறது. இறந்தவரைத் ‘துஞ்சினார்’ என்றும் ‘இறைவனடி சேர்ந்தார்’ என்றும் சொல்கிறோமே, அது மங்கலம். அப்படிச் சொன்னவரைப் பார்த்து ‘செத்துட்டார்னு வெளிப்படையாச் சொல்லாம ஏன் பொய் சொல்றே’ என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. எதை நேராகச் சொல்வது, எதைச் சுற்றிச் சொல்வது என்ற இரண்டுக்குமே மொழியில் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

ஆச்சரியமாக, இந்தச் சொல்லை இன்று சரியான திசையில் பயன்படுத்துவது அரசாங்கக் காகிதங்கள்தான். வெளிப்படைத்தன்மை என்றால் அங்கே அலுவலகம் தன்னைத் திறந்து காட்டுவது. 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 4-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது: அலுவலகத்தின் அமைப்பு என்ன, யாருக்கு என்ன அதிகாரம், என்ன சம்பளம், எவ்வளவு பட்ஜெட் என்பதையெல்லாம் யாரும் கேட்பதற்கு முன்பே அலுவலகம் தானாக வெளியிட வேண்டும். நடைமுறை எப்படி என்பது வேறு கதை. அதைப் பேச ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது. ஆனால் திசை சரி. எந்த அலுவலகமும் ‘நாங்கள் வெளிப்படைத்தன்மை உள்ளவர்கள், அதனால் உங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறோம் கேளுங்கள்’ என்று கிளம்பிவிட முடியாது.

பேச்சுத் தமிழில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. உள்ளதை உள்ளபடி பேசுபவரைக் குறிக்கும் சொற்களெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அப்பாவித்தனத்தின் பக்கம் நகர்ந்துவிட்டன. யதார்த்தம் என்றால் உள்ள நிலைமை. ஆனால் ‘யதார்த்தமாத்தான் கேட்டேன்’ என்றால் உள்நோக்கம் இல்லாமல் சும்மா கேட்டேன் என்று அர்த்தம். வெகுளி இன்னும் விசேஷம். வள்ளுவருக்கு வெகுளி என்றால் கோபம். வெகுளாமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. இன்று வெகுளி என்றால் மனதில் ஒன்றையும் மறைக்கத் தெரியாத ஆள். வெள்ளந்தியும் அதே வரிசைதான். இந்தப் பக்கம் தள்ள முடியாதவர்களுக்கு ‘யதார்த்தவாதி வெகுஜன விரோதி’ என்று தயாராக ஒரு பழமொழி இருக்கிறது. ஆக, உள்ளதைச் சொல்பவன் நம் கணக்கில் ஒன்று விவரம் இல்லாதவன், இல்லாவிட்டால் ஊருக்கு ஆகாதவன். மூன்றாவதாக ஒரு நாற்காலி போட நமக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒன்று, ‘நான் ஒரு வெள்ளந்தி’ என்று ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொன்னால் நாம் நம்புவதில்லை. அது மற்றவர்கள் கொடுக்க வேண்டிய பெயர். வெளிப்படையையும் அப்படி வைத்திருக்கலாம்.

ஒரு மாலைக் கூட்டம்

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் மூத்த அதிகாரி ஒருவர் இருந்தார். அவரைப் பற்றி எல்லோரும் ஒரே குரலில் சொல்வது, ‘மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டாரு, பட்டுன்னு சொல்லிடுவாரு.’ ஒரு நாள் மாலைக் கூட்டத்தில், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத ஒரு பெண் தான் செய்ததை விளக்கிக்கொண்டிருந்தாள். குரலில் லேசான நடுக்கம். இரண்டு மூன்று இடங்களில் கணக்கை மாற்றிச் சொல்லிவிட்டுத் திருத்திக்கொண்டாள். முடித்ததும் இவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ‘தப்பா எடுத்துக்காதம்மா. நான் வெளிப்படையாப் பேசுறவன். உனக்கு இந்த வேலை செட் ஆகாது. வேற ஏதாவது பார்க்கறது உனக்கே நல்லது’ என்றார். அறையில் பத்துப் பேராவது இருந்திருப்பார்கள். அந்தப் பெண் ‘சரி சார்’ என்று மட்டும் சொல்லி, கையிலிருந்த தாள்களை மேசையில் தட்டித் தட்டி ஒழுங்குபடுத்தினாள். அவை ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தன. நல்ல அறிவுரைதான், இப்போதே சொல்லிவிட்டார் என்று என் பக்கத்தில் ஒருவர் முணுமுணுத்தார்.

அடுத்து மேலதிகாரி உள்ளே வந்தார். வாடிக்கையாளருக்குத் தேதி கொடுத்தாகிவிட்டது, மாதக் கடைசிக்குள் முடிந்துவிடும் இல்லையா என்று கேட்டார். முடியாது என்பது அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். மதியம் சாப்பிடும்போதுகூட அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பேச்சில் அதிகம் பேசியதே நம் வெளிப்படைக்காரர்தான். மேலதிகாரி முதலில் அவரைத்தான் பார்த்தார். இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, ‘பண்ணிடலாம் சார். பார்த்துக்கறோம்’ என்றார். வரிசையாக எல்லோரும் தலையை ஆட்டினோம். அந்தப் பெண்ணின் முறை வந்தது. ‘முடியாது சார். என் பகுதியிலேயே பாதி பாக்கி இருக்கு. எனக்கு அந்த வேலை புதுசு, கத்துக்கிட்டுப் பண்றதால மெதுவாத்தான் போகுது. இன்னும் ரெண்டு வாரமாவது வேணும்’ என்றாள். குரல் அப்போதும் நடுங்கத்தான் செய்தது. மேலதிகாரி சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பேனாவை எடுத்துக்கொண்டு, ‘மத்தவங்க?’ என்றார். இந்த முறை ஒவ்வொருவராக வாயைத் திறந்தோம். கடைசியில் வெளிப்படைக்காரரும் தொண்டையைச் செருமிக்கொண்டு, ‘என் பக்கமும் கொஞ்சம் இழுக்கும் சார்’ என்றார்.

இந்தச் சொல் எனக்குள் இரண்டாகப் பிரிந்தது அந்த அறையில்தான். மூத்தவர் சொன்னதும் அவர் மனதில் பட்ட உண்மையாக இருந்திருக்கலாம். அந்த வேலை அவளுக்கு வராது என்று அவர் நிஜமாகவே நினைத்திருக்கலாம். ஆனால் அதைச் சொல்வதால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எதிரில் இருந்தது தனக்குக் கீழே உள்ள ஒருத்தி. மேலே இருப்பவர் வந்ததும் அவருடைய வெளிப்படை இருந்த இடம் தெரியவில்லை. அந்தப் பெண் சொன்னதிலோ ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கு எதிராகவே திரும்பக்கூடியது. ‘எனக்குப் புதுசு’, ‘மெதுவாத்தான் போகுது’, ‘பாதி பாக்கி’. சற்று முன்பு வேலைக்கு லாயக்கில்லை என்று பத்துப் பேர் முன்னால் கேட்டவள், அதற்கான சாட்சியைத் தன் வாயாலேயே கொடுத்தாள். தன்னை வெளிப்படையானவள் என்று ஒரு இடத்திலும் சொல்லிக்கொள்ளவில்லை. அதைச் சொல்லிக்கொள்ள அவளுக்கு நேரமும் இருந்திருக்காது.

கோட்டைக்குள் ஒரு புலவர்

சங்கப் புலவர் கோவூர் கிழாரை அதற்கப்புறம் எடுத்துப் படித்தபோது முன்பு பார்க்காத ஒன்று தெரிந்தது. புறநானூற்றின் 44-வது பாட்டு. சோழன் நலங்கிள்ளி ஆவூரை முற்றுகை இட்டிருக்கிறான். உள்ளே இன்னொரு சோழனான நெடுங்கிள்ளி கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், வெளியே வந்து சண்டையும் போடவில்லை, கோட்டையை விட்டுக்கொடுக்கவும் இல்லை. யானைகளுக்குக் குளியலும் கவளமும் இல்லை. பால் இல்லாமல் குழந்தைகள் அலறுகின்றன. பெண்கள் பூ இல்லாத வெறுந்தலையை முடிந்துகொள்கிறார்கள். தண்ணீர் இல்லாத வீடுகளிலிருந்து அழுகைச் சத்தம் வருகிறது. இதையெல்லாம் சொல்லிவிட்டு அரசனைப் பார்த்துப் புலவர் சொல்கிறார்: அறவழியில் போகிறவன் என்றால் ‘உன்னுடையது’ என்று சொல்லிக் கதவைத் திற, வீரன் என்றால் போருக்குத் திற, இரண்டும் இல்லாமல் மதிலுக்குள் ஒடுங்கிக் கிடப்பது ‘நாணுத்தகவு உடைத்து’, வெட்கக்கேடு.

அரசனிடம் நேருக்கு நேர் வெட்கக்கேடு என்று சொல்வது விளையாட்டு அல்ல. 47-வது பாட்டின் குறிப்பில் அதே நெடுங்கிள்ளி, நலங்கிள்ளியிடமிருந்து வந்த இளந்தத்தன் என்ற புலவரை ஒற்றன் என்று நினைத்துக் கொல்லப் புகுந்தான் என்று இருக்கிறது. புலவர் தலை என்றால் கை கூசுகிற ஆள் இல்லை அவன். கோவூர் கிழார் குறுக்கே வந்து பாடி அந்த உயிரைக் காப்பாற்றினார். 46-வது பாட்டு வேறோர் அரசனிடம். மலையமான் என்ற குறுநில மன்னனின் பிள்ளைகளை யானைக் காலில் இடறச் செய்யக் கிள்ளிவளவன் துணிந்தபோது, நீ யாருடைய வழியில் வந்தவன், இவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று சொல்லி, யானையைப் பார்த்த வேடிக்கையில் அழுகையை மறந்து நிற்கும் அந்தச் சிறுவர்களைக் காட்டிவிட்டு, ‘கேட்டனை ஆயின் நீ வேட்டது செய்ம்மே’ என்று முடிக்கிறார். கேட்டுக்கொண்டாய் அல்லவா, இனி உன் விருப்பம். நம் காலத்து வெளிப்படைக்காரர்களிடம் நான் காணாதது இந்தக் கடைசி வரிதான். அவர்கள் சொல்லிவிட்டு விடுவதில்லை. கேட்டவர் தலையாட்டி ஒப்புக்கொள்ளும்வரை நின்றுகொண்டிருப்பார்கள்.

கசப்பாகப் பேசுவதைத் தொல்காப்பியர் ஒதுக்கவும் இல்லை. வேம்பும் கடுவும் போன்ற சொல்லாக இருந்தாலும் பின்னால் நன்மை பயக்கும் என்று சொல்லி, வாயுறை வாழ்த்து என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார். வாழ்த்து வகையில் சேர்த்திருக்கிறார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. வள்ளுவர் இடித்தல் என்கிறார். அரசனுக்குத் துணையாக நிற்கும் பெரியவர்களுக்கும் நண்பருக்கும் அதே சொல். ‘நகுதற் பொருட்டன்று நட்டல் மிகுதிக்கண் மேற்சென்று இடித்தற் பொருட்டு’ என்ற 784-வது குறளில் ஒவ்வொரு சொல்லும் ஒரு நிபந்தனை. மிகுதிக்கண்: எல்லை மீறும்போது, எல்லாவற்றுக்கும் அல்ல. மேற்சென்று: தானே முன்னால் போய். எல்லாவற்றுக்கும் முன்பாக நட்டல், அதாவது முதலில் நண்பனாக இருந்திருக்க வேண்டும். கூட்டத்தில் முதல்முறை பார்க்கிறவரை இடிக்க இதில் இடம் இல்லை. இன்னொரு விஷயமும் உண்டு. ‘இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்’, ‘செவிகைப்பச் சொற்பொறுக்கும் பண்புடை வேந்தன்’ என்று வரும் குறள்களெல்லாம் கேட்பவனைப் பார்த்துச் சொல்லப்பட்டவை. இடித்துச் சொல்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொள், காது கசந்தாலும் பொறுத்துக்கொள் என்று அதிகாரத்தில் இருப்பவனுக்குச் சொல்கிறார். போய்க் கண்டவரையும் இடித்துவிட்டு வா என்று யாருக்கும் சொல்லவில்லை.

பார்க்கலாம்

இதையெல்லாம் படிக்கிறவர் நான் இனிக்க இனிக்கப் பேசுவதற்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்கக்கூடும். இல்லை. நம்மிடம் அதைவிடப் பெரிய வியாதி ஒன்று இருக்கிறது, அதன் பெயர் ‘பார்க்கலாம்’. ‘யோசிச்சுச் சொல்றேன்’, ‘சொல்லி அனுப்புறோம்’, ‘அப்புறம் பேசுவோம்’ எல்லாம் அதன் வகைகள். சொல்பவருக்கு அது ‘இல்லை’. கேட்பவருக்கு அது நம்பிக்கை. வயதானவர்கள் இந்தப் பாஷை தெரிந்தவர்கள், உடனே புரிந்துகொண்டு வேறு வழி பார்ப்பார்கள். சின்னவர்கள் நிஜமாகவே காத்திருப்பார்கள். நேர்முகத் தேர்வில் ‘சொல்லி அனுப்புறோம்’ என்று கேட்டுவிட்டு, வந்த வேறொரு வேலையை வேண்டாம் என்று சொன்ன பிள்ளைகளை எனக்குத் தெரியும். பட்டென்று முகத்தில் அடிப்பவர் ஒரு நாள் வலியோடு விடுகிறார். ‘பார்க்கலாம்’ சொல்பவர் மாதக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார், நல்லவர் என்ற பெயரோடு.

இரண்டு ஆட்களும் தப்பித்துக்கொள்வது ஒரே இடத்தில்தான் என்று எனக்குப் படுகிறது. முகத்தில் அடிப்பவர் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தப்பிக்கிறார். ‘பார்க்கலாம்’காரர் எதிராளியின் முகம் வாடுவதைப் பார்க்காமல் தப்பிக்கிறார். கோட்டைக்குள் நின்ற புலவரும் சரி, தாள்களைத் தட்டிக்கொண்டிருந்த பெண்ணும் சரி, தப்பிக்க வழி இருந்தும் அந்தப் பக்கம் போகவில்லை.

சமீபத்தில் என் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கடனுக்கு ஜாமீன் கையெழுத்து வேண்டும். ‘ஒரு கையெழுத்துதான் தம்பி, மத்ததெல்லாம் நான் பார்த்துக்கறேன்’ என்றார். அவர் பழைய கடன்களை எப்படிக் கட்டினார் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அதை அப்படியே எடுத்துச் சொல்லியிருக்கலாம். ‘மனசுல பட்டதைச் சொல்றேன்’ என்று ஆரம்பிக்கப் பொருத்தமான சந்தர்ப்பம். ‘ரெண்டு நாள்ல சொல்றேண்ணே’ என்று வாசல்வரை வழியனுப்பி, பிறகு போனை எடுக்காமல் இருந்திருக்கலாம். அதுதான் எங்கள் குடும்ப வழக்கம். நான், ‘இல்லண்ணே, என்னால முடியாது. எனக்கே ஒரு கடன் ஓடிட்டிருக்கு. நீங்க ஒரு மாசம் தவறிட்டாக்கூட எனக்குத் தாங்காது. எனக்குப் பயமா இருக்கு’ என்றேன். எனக்குக் கடன் இருப்பது அதுவரை அவருக்குத் தெரியாது. ஒரு வாரத்தில் மற்ற உறவினர்களுக்கும் தெரிந்துவிட்டது. அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்கப்புறம் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அந்த மாதமே வேறொருவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.